முயலுக்கு எந்தத் தோட்டா

மகனே, ஸலாம். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது உன் மேல் இருக்கிற கோபத்தில் நலமா என்று கேட்டால் அது வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் உம்மாவுக்குக் கண் மங்கலாகிவிட்டதால் வழக்கம்போல் நான்தான் உரக்க வாசித்தேன். உன் பெண்டாட்டி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். ஷார்ஜாவில் நான் இருந்த அதே வேட்டைச் சாமான் கடையில், அதே கவுண்டரில், இப்போது முதலாளியாக இருக்கிற சின்ன அரபாப் உனக்கு வேலை தருகிறார், ஃபேமிலி விசாவும் உண்டு, கல்யாணமாகி ஊரிலேயே கிடக்கிறவளை அழைத்துக்கொள்ளலாம் என்று நீ எழுதிய இடம்வரை என் குரல் நன்றாகவே இருந்தது. அடுத்த வரியை வாசித்த பிறகுதான் வாயை மூடினேன். "வாப்பா அன்று நடந்ததற்கு வருத்தப்படுகிறார், மன்னிப்புக் கேட்கச் சொன்னார் என்று நானே சொல்லிவிட்டேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் போன் பண்ணினால் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்." இப்படி எழுதியிருந்தாய். அந்த போனும் நேற்று வந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்பதை முறையாகக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நீ கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நான் வருத்தப்படவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உனக்கு இதைக் காதில் நன்றாக விழும்படி சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். என் வாயால் வராத மன்னிப்பை நீ எடுத்துக் கொண்டுபோய் இன்னொருவர் மேசையில் வைத்துவிட்டாய். சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டால் கூடப் பரவாயில்லை என்றிருப்பேன். நீ வாலிப வயதில் நிறையச் சட்டைகளை அப்படி எடுத்திருக்கிறாய், நான் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்திருக்கிறேன். இது வேறு. என்னை வேலையிலிருந்து நீக்கிய விஷயத்தில் உனக்கு ரூமில் இருந்தவர்கள் சொன்னதுதான் தெரியும். கிழவனுக்குத் திமிர், பெரிய இடத்து கஸ்டமரிடம் வாயாடினான், விசா கேன்சல் ஆனது என்று. நானும் உன்னிடம் "கலாஸ், முடிந்தது" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். ஏர்போர்ட்டில் நீ என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாய். நீயும் அதே கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போகிறாய் என்பதால் இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தொழிலைச் சொல்கிறேன். துபாய் தேய்ராவில் துணிக்கடையில் மீட்டர் போட்டுத் துணி அளந்துகொண்டிருந்த எனக்குத் துப்பாக்கியின் எந்த முனையைப் பிடிப்பது என்றே தெரியாது. அப்போதைய முதலாளி பெரிய அரபாப்தான் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் சொன்னார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் லைசென்ஸ் காகிதத்தை மேசையில் போட்டுவிட்டு முதலில் கேட்பது, "இருக்கிறதிலேயே பலமானது எது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாதே. "எதைச் சுடப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, சுட்டதைச் சாப்பிடுவீர்களா?" என்று நீ திருப்பிக் கேள். இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் ரைஃபிளும் தோட்டாவும் தானாக முடிவாகிவிடும். முயல், காட்டுப்புறா மாதிரிச் சிறு பிராணிக்கு வருகிறவர்களுக்கு இருக்கிறதிலேயே சின்னத் தோட்டா போடும் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் போதும். சத்தம் குறைவு, தோளில் உதைக்காது, பெட்டி பெட்டியாகச் சுட்டுப் பழகலாம். உட்கார்ந்திருக்கிற முயலை ஐம்பது அறுபது மீட்டருக்குள் நெருங்கிப் போக முடிகிறவருக்கு அதுவே சரியான சாமான். நெருங்க முடியாத வெட்டவெளி என்றால் அதற்கு அண்ணனான மேக்னம். அது நூறு மீட்டர்வரை சொன்ன இடத்தில் போய் அடிக்கும். ஓடுகிற முயலுக்கும் பறக்கிற புறாவுக்கும் ரைஃபிளே கூடாது, சிதறு குண்டு போடும் ஷாட்கன்தான். கல்லு நிறைந்த இடத்தில், ராஸ் அல் கைமா மலையடிவாரம் மாதிரி இடத்தில், டூ டூ தோட்டா தரையில் பட்டுத் தெறித்து எங்கேயாவது போகும் என்பதையும் சொல்லிவிடு. குறிக்குப் பின்னால் மண்மேடு இருந்தால்தான் விசையில் விரல் வைக்க வேண்டும்.

தோட்டாவிலும் இரண்டு ஜாதி. ஒன்று முழு ஈயம், நேராகத் துளைத்துக்கொண்டு போகும். மற்றது மூக்கில் குழி விழுந்தது, உள்ளே போனதும் விரிந்து பூத்துவிடும். குழி விழுந்தது முயலை நின்ற இடத்திலேயே விழவைக்கும், ஆனால் உடம்பில் பட்டால் கறி கெட்டுவிடும். தலையில் மட்டும் அடிக்கத் தெரிந்தவனுக்கு அதைக் கொடு. ரைஃபிளைக் கையில் கொடுக்கும்போது ஆளைக் கண்ணை மூடச் சொல், தூக்கித் தோளில் வைக்கச் சொல், பிறகு கண்ணைத் திறக்கச் சொல். குறி நேராக அவன் கண்ணுக்கு வந்து நின்றால் தோளில் பதிகிற கட்டையின் நீளம் அவனுக்குச் சரி. கழுத்தை நீட்டினாலும் குறுக்கினாலும் வேறு எடு. விலை கூடியதை அவன் தலையில் கட்டாதே. எந்த ரைஃபிள் எந்தத் தோட்டாவை விரும்புகிறது என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும், இரண்டு மூன்று தினுசு வாங்கி, ஐம்பது மீட்டரில் காகிதத்தில் சுட்டு, எது ஒரே இடத்தில் கூட்டமாக விழுகிறதோ அதையே வைத்துக்கொள்ளச் சொல். இதெல்லாம் ஒரு வாரத்தில் நீ படித்துவிடுவாய். உனக்குத் தெரிய வேண்டிய மற்றது படிப்பில் வராது.

பெரிய அரபாப் ஒரு குளிர்காலம் அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு சூடானுக்கு வேட்டைக்குப் போனார். ஆயுதங்களைத் துடைத்து வைக்க என்னையும், சமைக்க நம் ஊர் காசிம் காக்காவையும் கூட்டிப் போனார். காசிம் காக்காவை உனக்குத் தெரியும், நீ வந்த புதிதில் வெள்ளிக்கிழமை தோறும் உனக்கு நெய்ச்சோறு கொடுத்துவிட்டவர். அங்கே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடம் வந்தது. அரபாபுடைய வழக்கத்தில் பிஸ்மில்லா சொல்லி விசையை அழுத்தினால் போதும், குண்டு பட்டுச் செத்த முயல் அவருக்கு ஹலால். நம் ஊரில் பெரியவர்கள் நமக்குச் சொல்லி வந்தது வேறு. குண்டு பட்டாலும் உயிர் இருக்கும்போதே கழுத்தில் கத்தி பட வேண்டும், செத்துப் போயிருந்தால் தொடமாட்டோம். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை, அவரவர் வழி அவரவருக்கு. அரபாப் தலையில்தான் அடிப்பார், முயல் துடிக்கக்கூடச் செய்யாது. எங்களுக்குத் தினமும் பருப்பும் ரொட்டியும்தான். அரபாப் எங்கள் தட்டைப் பார்த்துச் சிரிப்பார், ஆனால் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

காசிம் காக்காவுக்கு நாக்கு கேட்கவில்லை. முயல் கறிக்கு மிளகு வறுத்து அரைத்து அரபாபுக்கு ஆக்கிப்போட்டுவிட்டுத் தான் பருப்பைத் தின்ன அவருக்கு வயிற்றெரிச்சல். ஒரு விடியற்காலையில் அவர் ஒரு காரியம் செய்தார். அரபாபுடைய ரைஃபிள் பழைய காலத்து, தோட்டாவைக் குழாயில் நிரப்புகிற டூ டூ, அதே கனத்தில் குட்டைத் தோட்டா போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். குட்டையில் வெடிமருந்து கம்மி, வேகம் கம்மி. மெதுவாக அடித்தால் முயல் உயிரோடு விழும், ஓடிப்போய் அறுத்துவிடலாம், நமக்கும் ஒரு துண்டு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. எனக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்து, நீளத் தோட்டாக்களை எல்லாம் கழற்றிவிட்டுக் குட்டையை நிரப்பி வைத்துவிட்டார். அந்த ரைஃபிளின் குறி நீளத் தோட்டாவுக்கு வைத்த குறி. வேகம் குறைந்த தோட்டா தாழ்ந்து போய் விழும் என்பது சமையற்காரருக்கு எப்படித் தெரியும்? அரபாப் பிஸ்மில்லா சொல்லித் தலையைப் பார்த்துத்தான் சுட்டார். அடி பின்னங்காலில் விழுந்தது.

முயல் கத்தும் என்று உனக்குத் தெரியுமா? அன்றுவரை எனக்கும் தெரியாது. வாழ்நாளெல்லாம் சத்தமே போடாத பிராணி, அடிபட்டால் மட்டும் கத்தும். கைக்குழந்தை வீறிடுகிற அதே சத்தம். நீ பிறந்த வீட்டில் நான் கேட்ட சத்தம். பின்காலை இழுத்துக்கொண்டே முள் புதருக்குள் போய்விட்டது. காசிம் காக்கா கத்தியை வைத்துக்கொண்டு ஓடினார், நானும் ஓடினேன், அரபாப் வயதானவர், அவரும் ஓடினார். வெயில் ஏறும்வரை முள்ளுக்குள் கையை விட்டுத் தேடினோம். கத்தல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கிடைக்கவே இல்லை. திரும்பி வந்து நான் தரையில் கிடந்த காலித் தோட்டாவைப் பொறுக்கினேன், குட்டையாக இருந்தது. அதை அரபாபிடம் நீட்டினேன். காசிம் காக்கா மறைக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"நான் என்னப்பா பாவத்தை செஞ்சேன்? உசுரோட கெடச்சா அறுத்துப்புடலாமேன்னுதானே போட்டேன். ஹலாலா திங்கணும்னு நெனச்சது தப்பா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். அதை நான் அரபாபுக்கு இந்தியில் சொன்னேன்.

அரபாப் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் காசிம் காக்காவின் முள் கிழித்த கையைப் பிடித்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார். பிறகு அரபியும் இந்தியும் கலந்து சொன்னார்: "உன் வயிறு சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் சாப்பிடாதே, அது உன் கஷ்டம். உன் சுத்தத்துக்காக அது ஏன் கஷ்டப்பட வேண்டும்?" அவ்வளவுதான். அன்று யாரும் முயல் தின்னவில்லை, அரபாபும் எங்கள் பருப்பிலேயே கையை வைத்தார். நான் இன்றுவரை துப்பாக்கியால் சுட்ட கறி தின்றதில்லை, இனியும் தின்னப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு கவுண்டரில் யாருக்காவது குறைந்த தோட்டாவை விற்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதில் விழும். போதாததைக் கொடுத்தால் அது கத்தும். அளவுக்கு மீறியதைக் கொடுத்தால் கத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதுதான் அந்தக் கவுண்டரில் நிற்பவனின் வேலை. இதை எனக்குக் காசிம் காக்காவின் நாக்குதான் சொல்லிக்கொடுத்தது, இருந்தாலும் அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு பெரிய அரபாப் நோயில் படுத்தார். அவர் மகன் சின்ன அரபாப் கடையை எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். லண்டனில் படித்துவிட்டு வந்தவர், கடையைக் கண்ணாடியும் வெளிச்சமுமாக மாற்றினார், எங்கள் ரூமுக்கு ஏ.சி. மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு வேட்டையில் ஆசை கிடையாது. கடை நடக்க வேண்டும், வந்தவர் சிரித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் அவர் எதிர்பார்த்தது. ஒரு வியாழக்கிழமை மாலை பெரிய இடத்து வாலிபன் ஒருவன் நண்பர்களோடு வந்தான். வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போகிறார்களாம். மலையாடும் மானும் அடிக்கிற பெரிய தோட்டாப் பெட்டியைக் கண்ணாடிக்குள் காட்டி, அதையும் அதற்கான ரைஃபிளையும் கேட்டான். நல்ல சாமான்தான். எத்தனையோ பேருக்கு நானே என் கையால் கொடுத்திருக்கிறேன். வழக்கம்போல், எதைச் சுட என்று கேட்டேன்.

"அர்னப்" என்றான். அரபியில் முயல்.

"முயலுக்கா? இது வேண்டாம் சாப். இது பட்டால் ஒன்றும் மிஞ்சாது. டூ டூ மேக்னம் தருகிறேன், அருமையாக இருக்கும்."

"தெரியும். ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஜீப்பிலிருந்து அடித்தால் பறக்கணும், அதைப் பார்க்கத்தான்" என்று கையை விரித்துக் காட்டினான். நண்பர்கள் சிரித்தார்கள்.

"சாப்பிடமாட்டீர்களா?"

"யாருக்கு வேணும் முயல்? எடு, யல்லா."

நான் எடுக்கவில்லை. "முயலுக்கு இது மாஃபி" என்றேன். கிடையாது என்று அர்த்தம். "பெட்டி கண் முன்னால் இருக்கிறதே" என்றான். "இருக்கிறது. முயலுக்கு மாஃபி" என்றேன். குரலை உயர்த்தவில்லை, மகனே. உன் ரூம்காரர்கள் சொன்னது போல வாயாடவும் இல்லை. சாவியை மட்டும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் சிரிப்பு நின்றது. சின்ன அரபாப் உள்ளேயிருந்து வந்து, என்ன விஷயம் என்று கேட்டு, "கொடு" என்றார். சாவியை எடுத்து மேசையில் வைத்து, "நீங்கள் எடுத்துக் கொடுங்கள் அரபாப், கடை உங்களுடையது. கை என்னுடையது" என்றேன். அவர் தானே திறந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெட்டி போகத்தான் செய்தது. எந்த ஊர் முயலையும் நான் காப்பாற்றவில்லை, அப்படிப் பெருமை அடித்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் விட்டுச் சனிக்கிழமை சின்ன அரபாப் என்னைக் கூப்பிட்டார். அந்த வாலிபனின் வீட்டிலிருந்து போன் வந்ததாம். "ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அவன் நாளைக்கு வருவான். 'மாஃப் கரோ' என்று ஒரு வார்த்தை சொல். கலாஸ்" என்றார். இதமாகத்தான் சொன்னார். நான் தப்புச் செய்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். துணிக்கடையில் ஒரு மலையாளி அம்மாவுக்குச் சாயம் போகும் துணியைப் போகாது என்று சொல்லி விற்றுவிட்டு, மறுவாரம் கடை நிறைய ஆள் இருக்கும்போதே அவரிடம் மன்னிப்புக் கேட்டவன் நான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில் எனக்குக் கூச்சமே கிடையாது. இது கேட்க வேண்டிய இடம் இல்லை. "சொல்லமாட்டேன் அரபாப்" என்றேன். அவர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். மாதம் முடிவதற்குள் என் விசாவில் கேன்சல் முத்திரை விழுந்துவிட்டது.

உன் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். துப்பாக்கி விற்று எங்களைப் படிக்க வைத்தவருக்கு ஒரு முயலைப் பற்றி என்ன கவலை என்று. நல்ல கேள்வி, நான் கோபப்படவில்லை. நான் விற்றது உயிரெடுக்கிற சாமான், அதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. அதனால்தான் கவலை. கசாப்புக் கடைக்காரனைப் போய்ப் பார், கத்தியைத் தீட்டாமல் அவன் ஆட்டைத் தொடமாட்டான், மற்ற ஆடு பார்க்கும்படி அறுக்கமாட்டான். உயிரெடுக்கிற வேலையில் இருப்பவனுக்குத்தான் அதில் ஒரு அளவு வேண்டும். துணிக்கடையில் இருந்திருந்தால் எனக்கு முயலைப் பற்றிப் பேச எந்த உரிமையும் இல்லை. பசிக்குச் சுடுகிறான், பயிரைக் காக்கச் சுடுகிறான், கலையாகப் பழகிக் குறி தப்பாமல் ஒரே அடியில் சாய்க்கிறான், எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தேன், இனியும் கொடுப்பேன். சிதறுவதைப் பார்த்துச் சிரிக்க வந்தவனுக்கு என் கையால் கொடுக்கவில்லை. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, நீயே சொல்.

இனி இந்த வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். உன் கடிதத்தை வாசித்த அன்று, "நான் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை" என்று உன் உம்மாவிடம் சொன்னேன். உன் உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒத்த வார்த்தைக்கு என்ன கொறஞ்சு போச்சு ஒங்களுக்கு? வயசு போன காலத்துலயும் ஒத்தக்கால்ல நிக்கணுமா?" என்றாள். அது எனக்குப் பழகிய பேச்சு, தாங்கிக்கொள்வேன். உன் பெண்டாட்டி கதவை விட்டு முன்னால் வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் முகத்துக்கு நேரே நின்று பேசாத பெண். "ஒங்க ரோசத்துக்கு நான் ஏன் மாமா இங்க கெடக்கணும்? அவுக லீவுல வந்துட்டுப் போன நாளத்தான் நான் குடும்பம் நடத்துன நாளுன்னு சொல்லணும்" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், சுடுதண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது போன் அடித்தது. சின்ன அரபாப். மரியாதையாக உடம்பை விசாரித்தார், உன் உம்மாவை விசாரித்தார். பிறகு, "உன் மகன் எல்லாம் சொன்னான். நீ வருத்தப்படுகிறாயாம். நல்லது. நானும் மறந்துவிட்டேன்" என்றார். உன் உம்மா எதிரில் நின்று, ஆமாம் என்று தலையை ஆட்டச் சொல்லிக் கையால் காட்டுகிறாள், போனில் தலை தெரியும் என்பது போல. உன் பெண்டாட்டி கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் நிற்கிறாள். ஒரே ஒரு "ஐவா" சொன்னால் போதும், மூன்று பேர் வாழ்க்கையில் விளக்கு எரியும். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

"அரபாப், அது என் மகன் சொன்னது. நான் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் இல்லை."

"அப்படியென்றால் உன் மகன் பொய் சொன்னானா?" என்று கேட்டார்.

என் மானத்தைக் காப்பாற்றப் போய் உன்னைப் பொய்யனாக்கி நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "அவனுக்குப் பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை அரபாப். அந்த ஆசையில் சொல்லிவிட்டான்" என்றேன்.

"அவனும் உன்னை மாதிரிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நிற்பான் என்றால் எனக்கு வேண்டாம். எனக்குக் கடை நடக்க வேண்டும்."

"அவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியாது. அவன் வேறு ஆள். அடுத்த சனிக்கிழமை உங்களைப் பார்க்கக் கடைக்கு வருகிறான் அல்லவா, அலமாரியைத் திறந்துவிட்டு, ஜீப்பிலிருந்து முயல் அடித்து விளையாட ஒரு பெட்டி எடுத்துக் கொடு என்று கேளுங்கள். எதை எடுக்கிறானோ, எடுக்காமல் இருக்கிறானோ, அது அவன் பதில். என்னை அதில் சேர்க்காதீர்கள்."

"அச்சா" என்று வைத்துவிட்டார். சிரித்தாரா முறைத்தாரா என்று போனில் தெரியவில்லை. கேட்பார் என்றுதான் நினைக்கிறேன், அவர் சொன்னால் செய்கிற மனிதர். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், திங்கட்கிழமை ஃபிளைட் ஏறுகிற நம் தெருப் பையனிடம் கொடுத்துவிடுகிறேன். முன்கூட்டியே உனக்குத் தெரியட்டும். உன்னைச் சோதனையில் மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற வாப்பா இல்லை நான்.

போனை வைத்த பிறகு உன் உம்மா பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். உன் பெண்டாட்டி அங்கேயே நின்றாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்து, "அவுக எதை எடுப்பாக மாமா?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். "எனக்குத் தெரியும். அவுக ஒங்க புள்ளதானே" என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், நின்ற இடத்திலேயே அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அவள் எதிரில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். மாமனார் மருமகளிடம் கேட்பது நம் தெருவில் வழக்கம் இல்லை, இருந்தாலும் கேட்டேன். அவள் இழந்ததற்கு நான்தான் காரணம், அவளிடம் கேட்க வேண்டியது எனக்குக் கடமை. உன்னைப் பொய்யனாக்கியதற்கு உன்னிடமும் கேட்கிறேன். சின்ன அரபாபிடம் கேட்கமாட்டேன்.

நீ நலமா? நெஞ்சுச் சளி போய்விட்டதா? ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் இன்னும் அந்த டீசல் வாடைக்குள்தான் படுக்கையா? இப்போது கேட்கிறேன், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. சனிக்கிழமை காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ. அலமாரி முன்னால் நிற்கும்போது அடுக்களை வாசலில் அழுதவளையும் நினை, முள்ளுக்குள் கத்தியதையும் நினை. இரண்டையும் நினைத்துவிட்டு நீ எதை எடுத்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்துதான் இருக்கும், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். எடுப்பதை மட்டும் உன் பெயரில் எடு.